துணை இல்லாத யானை



ஆடி அமாவாசையன்று நம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் நின்று பாருங்கள். தகப்பனைப் பறிகொடுத்தவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவரும் தோளோடு தோள் உரச எள்ளும் தண்ணீரும் இறைப்பார்கள். முன்பின் தெரியாதவர்கூட, "எப்பங்க தவறினாரு?" என்று கேட்பார். துக்கத்தைப் பத்துப் பேர் நடுவில் இறக்கி வைத்துத்தான் நமக்குப் பழக்கம்.

யானைக்கும் அதே பழக்கம்தான். தாய்லாந்து முகாம் ஒன்றில் 26 ஆசிய யானைகளைக் கவனித்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ஒரு யானை மிரண்டு காதை விரித்தால், பக்கத்து யானை நெருங்கி வருகிறது. துதிக்கையால் அதன் முகத்தைத் தடவுகிறது. வாய்க்குள் துதிக்கை நுனியை வைக்கிறது. மெல்லக் குரல் கொடுக்கிறது.

கூட்டத்தில் பிறந்த அந்த உயிரைக் கோயில் கல்தரையில் தனியே கட்டினால் என்ன செய்யும்? முன்னங்காலை மாற்றி மாற்றி வைக்கும். தலை ஒரே வீச்சில் இடமும் வலமும் போகும். மணிக்கணக்கில் போகும். "யானை ஆடுது பாரு" என்று பிள்ளைக்குக் காட்டிச் சந்தோஷப்படுகிறோம். அது ஆட்டமல்ல, ஐயா! அடைபட்ட உயிர் தன் வேதனையைச் சமாளிக்கிற வழி.

சமயபுரம் கோயில் யானை மசினியை மறந்துவிட்டோமா? தாயைப் பிரிந்த குட்டியாக முதுமலையில் வளர்ந்தவள். கோயிலுக்கு வந்தாள். 2018 மே மாதம் கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றாள். முதுமலைக்கே திரும்பிப் போன பிறகும், 2023-ல் அங்கே இன்னொரு பாகன் அவளால் உயிரிழந்தார். பலியானவர்கள் இருவருமே அவளுக்குச் சோறு ஊட்டும் தொழிலில் இருந்தவர்கள். யானையின் மனநலம் பாகன் குடும்பத்தின் உயிர்ப்பிரச்சினையும்கூட.

நல்லதும் நடக்கிறது. காஞ்சி காமாட்சியம்மன் கோயில் யானைகள் சந்தியா, இந்து, ஜெயந்தி மூவரும் 2019-ல் நம் திருச்சி எம்.ஆர். பாளையம் மறுவாழ்வு மையத்துக்கு ஒன்றாகவே வந்தார்கள். திருவானைக்காவில் கோயில் யானை அகிலா குளிக்கக் குளம் கட்டினார்கள். ஸ்ரீரங்கம் கோயில் யானை ஆண்டாளுக்கு லட்சுமி என்ற யானை துணையாக வந்தாள்.

அகிலாவுக்கும், மலைக்கோட்டைக் கோயிலின் இன்னொரு லட்சுமிக்கும் அந்தத் துணை வேண்டும். ஸ்ரீரங்கம், திருவானைக்கா, மலைக்கோட்டை ஆகிய மூன்று கோயில்களும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. வாரம் ஒரு நாள் நான்கு யானைகளையும் காவிரிக் கரையில் ஒரு மண்தரையில் சேர்த்து விடுங்கள் என்று அறநிலையத்துறையிடம் கேட்போம். இந்த மன்றத்தின் பெயரில் ஒரு மனு எழுதுவோம். உங்கள் கையெழுத்தைத் தாருங்கள்.