வாயின் உட்சவ்வும் அயோடின் சோதனையும்



வெள்ளி விழா மேடையில் வாய்ப்புண்ணைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் கருதக்கூடும். நடவு வயலிலும் செங்கற் சூளையிலும் பசியையும் அலுப்பையும் மறக்கப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு உழைத்து, நம்மைப் படிக்க வைத்தவர்கள் நம் பெற்றோர். அவர்தம் வாயைப் பற்றி நாம் பேசாமல் வேறு எவர் பேசுவர்?

சோற்றுக் கஞ்சியில் அயோடின் துளி விட்டால் நீலக்கருமை தோன்றுவதைப் பள்ளியில் கண்டிருக்கிறோம். அந்த அயோடினே இங்கும் துணையாகிறது. பிரெஞ்சு மருத்துவர் லூகால் 1829-ஆம் ஆண்டில் அயோடினையும் பொட்டாசியம் அயோடைடையும் நீரில் கரைத்து ஒரு கரைசலை ஆக்கினார். பின்னாளில் வியன்னா நகரத்து ஷில்லர் அயோடினைக் கருப்பை வாய்ச் சோதனைக்குக் கையாண்டார். கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் அடியிலும் உள்ள நலமான செல்களில் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள் சேமிப்பு உண்டு. அயோடின் பட்டதும் அவை கரும்பழுப்பாகின்றன. கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுச் செல்களோ அச்சேமிப்பைச் செலவழித்துவிடுகின்றன. ஆகவே அவ்விடம் நிறமேறாமல் வெளிறி நிற்கும். கண்ணுக்குப் புலப்படாத நோயின் எல்லையை அறுவை மருத்துவர் அறிய இது பெரிதும் உதவுகிறது.

ஆயினும் வெளிறிய இடமெல்லாம் புற்று அன்று. ஈறும் மேலண்ணமும் இயல்பிலேயே தடித்தவை. அவற்றில் நிறம் சரியாக ஏறாது. அழற்சி கண்ட புண்ணிலும் ஏறாது. சிறு திசுவை எடுத்து நுண்நோக்கியில் காண்பதே முடிவான சான்று. கத்தி பட்டால் நோய் பரவும் என்று அஞ்சி நம்மவர் பலர் பாதி வழியில் திரும்பிவிடுகின்றனர். அவ்வச்சம் பொருளற்றது.

கரைசல் இல்லாத ஊரில் என் செய்வது? 1996-இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய பேராய்வில், மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வெறுங்கண்ணால் வாயைப் பார்த்தனர். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததென 2005-இல் முடிவு வெளிவந்தது. படித்த இளைஞர்களாகிய நமக்கும் இப்பயிற்சி எட்டாததன்று.

காயத்திற்கு இடும் டிங்ச்சரை எவரும் வாயில் தடவிப் பார்க்கலாகாது. அயோடின் ஒவ்வாமையோ தைராய்டுக் கோளாறோ உள்ளவர் மருத்துவரிடம் முன்னரே கூறிவிட வேண்டும். இரண்டு வாரங்களாகியும் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, வாய் திறக்க இயலாமை ஆகியவற்றைக் கண்டால் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம். ஒரு நாள் கூலி போகுமே என்று பெரியவர்கள் தயங்குவர். நாமே உடன் சென்று சீட்டு வாங்கித் தருவோம். முதற் பேருந்திலேயே புறப்படுதல் நன்று.