படமாளிகையை விட்டு வெளியேறியவர் யார்?

(வாசிகசாலை ஆண்டு விழாவொன்றில் நிகழ்த்திய உரை)



சினிமா இளைஞரைக் கெடுத்துவிட்டது என்று மேடைதோறும் முழங்குவோர் நம்மிடையே உளர். படமாளிகையில் இளைஞர் மட்டுமே நிறைந்திருப்பது ஏன் என்று அவர்கள் கேட்பதில்லை. அக்கேள்விக்குப் பிரித்தானிய நாட்டின் வரலாறு தக்க விடை பகர்கின்றது.

1946ஆம் ஆண்டில் அந்நாட்டுப் படமாளிகைகளில் 163 கோடியே 50 இலட்சம் நுழைவுச் சீட்டுக்கள் விற்பனையாயின. கைக்குழந்தை முதல் கிழவர் வரை கணக்கிட்டாலும் ஆளுக்கு முப்பது தடவைக்கு மேல்! சனிக்கிழமை காலையிற் சிறுவர், மாலையிற் குடும்பத்தினர், எல்லா வயதினர்க்கும் அங்கே இடமிருந்தது.

1953இல் முடிசூட்டு விழாவை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். 1955இல் வர்த்தகத் தொலைக்காட்சியும் பிறந்தது. வீட்டிலேயே படம் ஓடத் தொடங்கியதும் பெருமளவில் விலகியவர் யார்? இளைஞர் அல்லர், குடும்பத்தினரும் முதியோருமே. பெற்றோர் பார்வைக்கு அப்பால் நண்பரோடு கூடியிருக்க ஓரிடம் வேண்டிய இளைஞரே எஞ்சினர். எஞ்சியவரை நோக்கியே முதலாளிகள் படம் தேடினர். அப்படங்களைக் கண்டு முதியோர் மேலும் விலகினர். மாளிகைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 1984இல் சீட்டுக்கள் 5 கோடியே 40 இலட்சமாக வீழ்ந்தன.

வயதா இதற்குக் காரணம்? அன்று! 1985இல் மில்ற்றன் கீன்ஸ் நகரிற் பத்துத் திரைகள் கொண்ட மாளிகை எழுந்தது. அதனைப் பின்பற்றி வேறு பலவும் எழுந்தன. 2011இல் ‘தி கிங்ஸ் ஸ்பீச்’ வெளியானபோது நரைத்த தலையினர் திரண்டு சென்றனர். தமக்குரிய படமும் ஏற்ற இருக்கையும் கிடைத்தால் முதியோரும் வருவர் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. 2019இல் சீட்டுக்கள் 17 கோடியே 60 இலட்சமாயின. 2020இற் கொள்ளைநோய் கதவுகளை அடைத்தது. மீண்டும் திறந்தபோது முந்தி வந்தவர் இளைஞர். தயங்கி நின்றவர் முதியோர்.

இலங்கையிலும் 1979இல் தொலைக்காட்சி வந்தது. இன்று வீட்டுக்குள்ளும் ஆளுக்கொரு திரை! பாட்டனும் பேரனும் ஒன்றாய்ச் சிரிக்கும் இடங்கள் அருகி வருகின்றன. இளைஞரை ஏசுவதால் அவை மீளா. எவருக்கு நாம் இடம் வைக்கவில்லையோ, அவர் வருவதில்லை. படமாளிகைக்கு மட்டுமா இது பொருந்தும்? இவ்வாசிகசாலைக்கும், நம் பொதுக்கூட்டங்களுக்கும், ஏன், அரசியலுக்குமே பொருந்தும். இன்று இங்கே வெறுமையாயுள்ள நாற்காலிகள் யாருக்குரியவை என்று எண்ணிப் பார்க்குமாறு வேண்டி அமர்கின்றோம்.