சினை மாட்டில் உதிரப்போக்கு
(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். ஈனும் நாள் நெருங்குகையில் கோழை வடிவது இயல்பே. ஆனால் 7, 8 மாதச் சினையில் வாலில் இரத்தக் கறை கண்டால், "சூடு" என்று கைவைத்தியம் பார்த்துக் காலம் கடத்தலாகாது.

வழுக்கி விழுதல், மற்ற மாடு முட்டுதல், பிறப்புறுப்பு வெளித்தள்ளிப் புண்ணாதல் ஆகியவை சில காரணங்கள். இவற்றினும் கொடியது கன்று வீச்சு நோய் எனப்படும் புரூசெல்லோசிஸ். இந்நோய் கண்ட பசு பெரும்பாலும் 5 மாதத்திற்குப் பின் கன்று வீசும், நஞ்சுக்கொடியும் தங்கிவிடும்.

உதிரம் கண்டவுடன் பசுவைத் தனியே கட்டுங்கள். உள்ளே கைவிடாதீர்கள், எதையும் பிடித்து இழுக்காதீர்கள். வெளித்தள்ளிய பகுதியைத் தூய நீரால் கழுவி, ஈரத்துணியால் மூடி, பின்பக்கம் சற்று உயரமாக இருக்குமாறு கட்டுங்கள். உடனே கால்நடை மருத்துவரை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1962 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

கன்று வீசிவிட்டால், வெறுங்கையால் தொடாதீர்கள். இந்நோய் மனிதரையும் தொற்றும். கர்ப்பிணிகளை அருகே விடாதீர்கள். வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்து, தொழுவத்தைப் பிளீச்சிங் பவுடர் கொண்டு கழுவுங்கள். பாலை நன்கு காய்ச்சியே அருந்துங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு தெரியுமுன் அந்த மாட்டைச் சந்தைக்கு ஓட்டாதீர்கள். நம் நட்டம் மற்றோர் உழவர் தொழுவத்திற்குப் போகலாகாது.

கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதிற்குள் ஒருமுறை தடுப்பூசி போட்டுக்கொண்டால் இந்நோயைத் தவிர்க்கலாம். வருமுன் காப்பீர்.