ஒரு கைப்பிடி கடலை, பத்து மாசம், ஏழு கிலோ

இன்னைக்கு எபிசோட்ல கோடிங் கிடையாது. உடம்பு ஏத்துறதைப் பத்திப் பேசப் போறேன். "எல்லாரும் எடை குறைக்கத்தானே வழி கேட்கிறாங்க"ன்னு நினைச்சீங்கன்னா, நீங்க ஒல்லியா இருந்ததே இல்லைன்னு அர்த்தம்.

முதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, டயட்டீஷியனும் இல்ல. சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன். எனக்கு நடந்ததையும் அதுக்குப் பின்னாடி இருக்கிற கணக்கையும் மட்டும் சொல்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, எங்க டீம்ல ஒரு அண்ணனோட அப்பாவுக்கு ஆபரேஷன். ரத்தம் தேவைப்பட்டுச்சு. ஆறு பேர் கிளம்பிப் போனோம். அங்க எடை மெஷின்ல ஏறி நின்னேன். 44 கிலோ. நர்ஸ் அக்கா பார்த்துட்டு, "45 கிலோவாவது இருக்கணும் தம்பி, நீங்க அப்படி உட்காருங்க"ன்னாங்க. மத்த அஞ்சு பேரும் உள்ள போயிட்டாங்க. அவங்க பையையும் ஹெல்மெட்டையும் பார்த்துக்கிட்டு நான் வெளிய உட்கார்ந்திருந்தேன். ஸ்கூல்ல இருந்தே 'ஒல்லிக்குச்சி', 'காத்தடிச்சா பறந்துடுவான்' எல்லாம் கேட்டுப் பழகினவன் நான். சிரிச்சுக்கிட்டே போயிடுவேன். அன்னைக்கு அப்படிப் போக முடியல.

அடுத்த நாளே மாஸ் கெய்னர் பவுடர் ஒரு டப்பா வாங்கினேன். ராத்திரி பரோட்டா, கூல் டிரிங்க்ஸ். ஆறு வாரத்துல 2 கிலோ ஏறுச்சு. பேன்ட் இடுப்புல இறுக்குச்சு, ஆனா சட்டைக் கை அதே தொளதொளதான். வயிறு கெட்டுப்போய் எல்லாத்தையும் நிறுத்தினேன். ஒரே மாசத்துல திரும்ப 44.

அப்புறம்தான் டாக்டர்கிட்ட போனேன். முதல்ல போயிருக்கணும். அவர் கேட்ட முதல் கேள்வி: "எப்பவுமே இப்படியா, இல்ல சமீபத்துல இளைச்சீங்களா?" காரணமில்லாம எடை இறங்கினா அது சாப்பாட்டுப் பிரச்சினையா மட்டும் இருக்காது. தைராய்டு, சர்க்கரை, காசநோய்னு எதுவாகவும் இருக்கலாம். எனக்கு டெஸ்ட் எல்லாம் நார்மல். என் உயரம் 165 செ.மீ. பி.எம்.ஐ. போட்டா 16 சொச்சம், 18.5க்குக் கீழ போனாலே எடை குறைவு. "50ஐத் தாண்டிட்டு ரத்தம் குடுக்கப் போங்க. அவசரப்படாம ஏத்துங்க"ன்னார்.

ஏன் அவசரப்படக் கூடாது? 2004ல லான்செட் இதழ்ல ஒரு போட்டோ வந்தது. புனேயில இருக்கிற டாக்டர் யாஜ்னிக், பக்கத்துல பிரிட்டன் டாக்டர் யட்கின். ரெண்டு பேருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனா உடம்புல கொழுப்பு யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்ம ஊர் ஒல்லி உடம்புக்குள்ளயும் கொழுப்பு ஒளிஞ்சிருக்கும். கண்டதைத் தின்னு ஏத்தினா அது வயித்துலதான் போய்ச் சேரும்.

சரி, நான் என்ன செஞ்சேன்? ஒரு வாரம் சாப்பிட்டதை எல்லாம் போன்ல எழுதினேன். "நல்லாத்தான் சாப்பிடுறேன், ஏற மாட்டேங்குது"ன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன் இல்ல? கூட்டிப் பார்த்தா ஞாயித்துக்கிழமை பிரியாணியோட 2,600 கலோரி. மத்த ஆறு நாளும் 1,500தான். காலை டிபன் பாதி நாள் கிடையாது; நாலு காபி பசியைக் கொன்னுடும். அந்த ஒரு ஞாயிறைத்தான் நான் 'நல்லா சாப்பிடுறேன்'னு ஞாபகம் வெச்சிருந்தேன்.

என்னால நிறைய சாப்பிட முடியாது, வயிறு சின்னது. அதனால அளவைக் கூட்டாம, அதே தட்டுல கலோரியைக் கூட்டினேன். மாவுச்சத்து, புரதம் எல்லாம் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9. சாதத்துல 170 கலோரி வேணும்னா 130 கிராம் சாதம் சாப்பிடணும். வறுத்த கடலைன்னா 30 கிராம், ஒரு கைப்பிடி போதும்.

நான் கோவில்பட்டிக்காரன். எங்க ஊர் கடலைமிட்டாய்க்கு 2020ல புவிசார் குறியீடே கிடைச்சிருக்கு. அந்த ஊர்ல பிறந்துட்டு பதினோரு மணிக்கு மேரி பிஸ்கட்டை டீயில நனைச்சுக்கிட்டிருந்தேன்.

இப்ப என் லிஸ்ட். இட்லிப் பொடியில ஒரு டேபிள் ஸ்பூன் நல்லெண்ணெய், 120 கலோரி. பதினோரு மணிக்கு ஒரு கைப்பிடி கடலை, 170. மதியம் பருப்பு சாதத்துல ஒரு டீஸ்பூன் நெய், 45. சாயங்காலம் ஒரு பெரிய வாழைப்பழம், 100. மொத்தம் 435. காலை டிபனை விடக் கூடாது, காபி ரெண்டு, அதுவும் சாப்பிட்ட பிறகு. தினம் ரெண்டு முட்டை, பழைய சாப்பாட்டுல ஒரு பங்குக்குப் பதிலா. வாரம் மூணு நாள் ஸ்குவாட், புஷ்-அப். சாப்பாடு மட்டும் போதாது. தசைக்கு வேலை குடுத்தாத்தான் ஏறுற எடையில கொஞ்சமாவது தசையாகும்.

ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. அந்தக் கணக்குப்படி மாசம் ஒன்றரை கிலோவுக்கு மேல ஏறணும். எனக்கு ஏறினது அதுல பாதிக்கும் கீழ. ரிலீஸ் வாரத்துல டிபன் போயிடும், காய்ச்சல் வரும், உடம்பு ஏற ஏற அதுக்கே கூடுதலா சாப்பாடு கேட்கும். மூணாவது மாசம் ஒரு கிராம்கூட அசையல. விட்டுடலாம்னு நினைச்சு அம்மாவுக்குப் போன் போட்டேன். "ஒரு நாள் விட்டா மறுநாள் சாப்பிடுய்யா, இதுக்கு எதுக்கு இவ்வளவு யோசனை"ன்னாங்க. அன்னையிலிருந்து தினமும் எடை பார்க்கிறதை நிறுத்தினேன். ஞாயித்துக்கிழமை காலையில, வெறும் வயித்துல, வாரம் ஒரே ஒரு தடவை.

பத்து மாசத்துல 51 கிலோ. போன மாசம் எங்க ஆபீஸ்ல ரத்ததான முகாம். மெஷின்ல ஏறினேன், யாரும் எதுவும் சொல்லல. 350 மி.லி. குடுத்தேன். முடிஞ்சதும் ஒரு ஜூஸும் பிஸ்கட்டும் குடுத்தாங்க. பையிலிருந்த கடலையையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

ஒல்லியா இருக்கிற நண்பர்களே, கடலை அலர்ஜி, சர்க்கரை, கிட்னி பிரச்சினை இருந்தா என் லிஸ்ட்டை அப்படியே எடுக்காதீங்க, டாக்டர்கிட்ட கேளுங்க. மத்தவங்க பவுடர் டப்பா வாங்குறதுக்கு முன்னாடி ஏழு நாள் சாப்பிட்டதை எழுதிப் பாருங்க. ஞாயித்துக்கிழமையைத் தனியா கூட்டுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.