கத்தரிக்கோல் யார் கையில்?

(ஐயப்பன்தாங்கலில் நடந்த சங்கத்தின் வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் சினிமாவைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம்மூரில் பேருந்து ஏறினால் போரூர், வளசரவாக்கம் கடந்து வடபழனியை அடைந்துவிடலாம். ஆனால் திரையரங்கின் வாயிலில் தோரணம் கட்டும் நம் இளைஞனுக்கும், படம் உருவாகும் அறைக்கும் உள்ள தொலைவு பேருந்து கடக்கும் தொலைவன்று. அத்தகைய அறைகளுள் ஒன்றாகிய படத்தொகுப்பு அறைக்குள் உங்களை அழைத்துச் செல்ல விழைகிறேன்.

திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அவற்றுள் எதை வைப்பது, எதை நீக்குவது, எதன் பின் எதைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவரே படத்தொகுப்பாளர். ரஷ்ய நாட்டுக் குலெஷோவ், ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை உணவுக் கிண்ணத்தோடு ஒருமுறையும், சவப்பெட்டியோடு ஒருமுறையும் ஒட்டிக் காட்டினார். பார்த்தோர் முதலில் பசியையும் பின்னர்த் துயரத்தையும் கண்டனர் என்பர். முகம் மாறவில்லை, அருகில் வைத்த காட்சியே மாறியது.

இவ்வாற்றலைத் தீமைக்கும் பயன்படுத்தலாம். 1915-இல் அமெரிக்காவில் கிரிபித் என்பார் 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படத்தை எடுத்தார். ஆபத்தில் சிக்கியோரையும், அவர்களைக் காக்க விரையும் குதிரை வீரர்களையும் மாறி மாறிக் காட்டி, பார்ப்போரின் நெஞ்சு படபடக்கச் செய்தார். அக்குதிரை வீரர் யார்? கறுப்பின மக்களை வேட்டையாடிய கு கிளக்ஸ் கிளான் கூட்டத்தார்! கொடியவரை மீட்பராக்கியது அந்தக் கத்தரிக்கோல்.

அதற்கு விடை கூறியவர் ஆஸ்கார் மிஷோ. அடிமையாய்ப் பிறந்த ஒருவரின் மகன். 1920 ஜனவரியில் 'நம் வாயில்களுக்குள்' என்ற அவர் படம் வெளிவந்தது. கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிக்காக நிதி திரட்டும் ஓர் ஆசிரியையின் கதை அது. மாறி மாறிக் காட்டும் அதே உத்தியைக் கையாண்டு, அப்பாவிக் குடும்பத்தார் தூக்கிலிடப்படும் கொடுமையையும், அவர்கள் மகள்மீது நிகழும் வன்முறையையும் ஒருங்கே காட்டினார். அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கியதும் அதே ஜனவரியில்தான். கடல்கள் கடந்த இரு நாடுகளில் ஊமையர் ஒரே மாதத்தில் வாய் திறந்தனர்.

தமிழ்நாட்டில் இக்கலை குருவிடமிருந்து சீடனுக்கு வந்தது. 'பராசக்தி'யை (1952) இயக்கிய இருவருள் ஒருவரான பஞ்சு, 'பஞ்சாபி' என்ற பெயரில் அதைத் தொகுத்தார். அவ்விருவரிடம் பயின்றவர் பீம்சிங். அவர் மகன் லெனின், விஜயனோடு இணைந்து 'நாயகன்' (1987) படத்தைத் தொகுத்தார். மூவியோலா இயந்திரத்தில் படச்சுருளை ஓட்டி, வெட்டி, ஒட்டிய காலம் அது. அந்த அறைக்குள் நுழைய அறிமுகம் வேண்டும். ஆண்டுக்கணக்கில் ஊதியம் பாராது காத்திருக்க வீட்டில் வசதியும் வேண்டும். அன்றாடக் கூலியில் வாழ்ந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இரண்டும் ஏது?

'மகாநதி' (1994) அவிட் என்னும் கணிப்பொறி முறையில் தொகுக்கப்பட்டது. இன்று சாதாரணக் கணிப்பொறியிலும் அவ்வேலையைப் பழகலாம். கருவி எளிதாயிற்று, கண்ணும் மனமும் மட்டும் பயிற்சியால்தான் கூர்மையடையும்.

மாரி செல்வராஜ் இயக்கி, செல்வா தொகுத்த 'பரியேறும் பெருமாள்' (2018) படத்தின் முடிவை நினைத்துப் பாருங்கள். இரண்டு தேநீர்க் குவளைகள். இடையே ஒரு மலர். இரட்டைக் குவளையின் இழிவை அறிந்த நமக்கு அங்கே வசனம் வேண்டுமோ? அவசரப்பட்டு வெட்டாமல் அக்காட்சியை நிற்கவிட்டதும் படத்தொகுப்பே.

இளைஞர்களே! நடிகரின் பதாகைக்குப் பாலூற்றும் கை, படத்தொகுப்பு மேசையிலும் அமர வேண்டும். தரமணியிலுள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் படத்தொகுப்புக்கெனத் தனிப் படிப்பு உண்டு. புனேயிலும் கொல்கத்தாவிலும் மைய அரசின் நிறுவனங்கள் உள்ளன. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு இவற்றின் விண்ணப்பங்களையும் நம் சங்கம் நிரப்பித் தரட்டும். நுழைவுத் தேர்வுக்குப் பயிற்சி அளிக்கட்டும். பிறர் வெட்டியது போக எஞ்சியதே நம் கதையாக இதுவரை இருந்தது. இனி எதை வெட்டுவது என்று நம் பிள்ளைகளும் முடிவு செய்யட்டும்!

 வளர்க சங்கம்! ஜெய் பீம்!