தளபதி கொடுத்த ஜனநாயகமா?

(கட்சி ஊழியர் படிப்பு வட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் ஓர் இளந்தோழர் என்னிடம் கேட்டார்: "ராணுவ சர்வாதிகாரிகளில் ஒருவர்கூட ஆட்சியை ஜனங்களிடம் திருப்பிக் கொடுத்ததில்லையா? அர்ஜெண்டினாவிலே ஜெனரல் பினியோனே தேர்தல் நடத்திவிட்டுத்தானே விலகினார்?" கேள்வி நியாயமானது. தேர்தல் நடத்தியதும் உண்மை, விலகியதும் உண்மை. ஆகவே அந்த மனிதரின் கதையையே இன்று பேசலாமென்று வந்தேன்.

ரெய்னால்டோ பினியோனே 1928-ல் தலைநகர் புவனோஸ் ஐரிஸுக்குப் பக்கத்தில் மோரோன் என்ற ஊரில் பிறந்தவர். வாலிப வயதிலேயே ராணுவத்தில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தார். 1976 மார்ச் 24-ந் தேதி தளபதிகள் ஆட்சியைக் கைப்பற்றினார்கள். ஜெனரல் விடேலா ஜனாதிபதியானார். நாலே நாள் கழித்து நமது பினியோனே டாங்கிகளோடும் துருப்புகளோடும் எங்கே படையெடுத்தார் தெரியுமா? ஓர் ஆஸ்பத்திரிக்கு! பொஸாதாஸ் ஆஸ்பத்திரி என்று பெயர். டாக்டர்களும் நர்ஸுகளும் ஊழியர்களும் பிடித்துச் செல்லப்பட்டார்கள். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள் இருந்த ஒரு வீடே பின்னால் சித்திரவதைக் கூடமாயிற்று.

அதே ஆண்டில் அவர் ராணுவக் கல்லூரியின் தலைவர். அங்கே கட்டாய ராணுவ சேவைக்கு வந்திருந்த இரண்டு கம்யூனிஸ்டு வாலிபர்கள் காணாமற் போனார்கள். இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்நாட்டுக் கம்யூனிஸ்டுக் கட்சியின் தலைமை அப்போது விடேலாவைத் தளபதிகளுக்குள்ளே மிதவாதி என்று கணக்குப் போட்டது. சோவியத் நாடோ அர்ஜெண்டினாவின் தானியத்தை வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கணக்கு தப்பு என்று 1986 காங்கிரஸில் அந்தக் கட்சியே விமர்சனம் செய்துகொண்டது. காணாமற் போன பிள்ளைகள் திரும்பவில்லை.

அப்படிக் காணாமற் போனவர்கள் எத்தனை பேர்? பின்னால் அமைந்த அரசாங்கக் கமிஷன் பெயர் பெயராகத் திரட்டியதே ஒன்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. முப்பதாயிரம் என்கிறார்கள் மனித உரிமை இயக்கத்தினர். நாடே வாய் அடைத்துக் கிடந்தபோது, 1977 ஏப்ரல் 30-ந் தேதி பதினாலு தாய்மார்கள் ஜனாதிபதி மாளிகைக்கு எதிரே மே சதுக்கத்தில் வந்து நின்றார்கள். "எங்கள் பிள்ளைகள் எங்கே?" என்பது ஒன்றே அவர்கள் கேள்வி. பிறகு வாரந்தோறும் வியாழக்கிழமை தலையிலே வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சதுக்கத்தைச் சுற்றி வந்தார்கள். அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் மூவரை அந்த டிசம்பரிலேயே கடத்திக் கொன்றார்கள். மற்றவர்கள் அடுத்த வியாழனும் வந்தார்கள்.

1982 மார்ச் 30-ல் தொழிற்சங்கங்கள் தெருவில் இறங்கின. ரொட்டி, சமாதானம், வேலை! தடியடி, கைது. மூன்றாம் நாள், ஏப்ரல் 2-ல், ஜனாதிபதி ஜெனரல் கால்தியேரி மால்வினாஸ் தீவுகளில் படையை இறக்கினார். பிரிட்டிஷார் பாக்லாந்து என்று சொல்லிக் கைவசம் வைத்திருக்கும் அதே தீவுகள். 74 நாள் யுத்தம். அர்ஜெண்டினா தரப்பில் 649 பேர் மாண்டார்கள். ஜூன் 14-ல் சரணாகதி. கால்தியேரி போனார். யார் அடுத்தவர்? ஓய்வு பெற்றிருந்த பினியோனேயைத் தரைப்படை கொண்டுவந்தது. கடற்படையும் விமானப்படையும் கோபித்துக்கொண்டு ஆட்சிக் குழுவை விட்டே வெளியேறின. தோற்றுப் போன சேனையை முதுகில் அடி விழாமல் பாசறைக்குத் திருப்பிக் கொண்டு சேர்ப்பதுதான் அவருக்கு இடப்பட்ட வேலை.

கட்சிகள் மீதிருந்த தடையை நீக்கினார். உடனே பேரத்தையும் ஆரம்பித்தார்: காணாமற் போனவர்கள் விவகாரத்தைக் கிளறக் கூடாது, யுத்தத்தைப் பற்றி விசாரிக்கக் கூடாது, ஊழலைத் தொடக் கூடாது. இதற்குச் சம்மதித்தால் தேர்தல்! கட்சிகள் மறுத்தன. 1982 டிசம்பர் 6-ல் பொது வேலைநிறுத்தம். பத்தே நாளில் ஜனநாயகம் கோரி லட்சம் பேருக்கு மேல் ஊர்வலம். அன்றைக்கு ஒரு தொழிலாளியைச் சுட்டுக் கொன்றார்கள். தேர்தல் தேதி எப்படி வந்தது என்று கேட்பவர்கள் இந்த டிசம்பரைப் பார்க்க வேண்டும்.

முதலாளிகளை மட்டும் அவர் மறக்கவில்லை. தனியார் கம்பெனிகள் வெளிநாட்டில் வாங்கிய கடன்களின் சுமை அந்த ஆண்டுகளிலே ஸர்க்காரின் தலைக்கு மாறியது. 1983-ல் விலைவாசி 400 சதவீதத்துக்கு மேல் ஏறியது.

1983 ஏப்ரலில் ஓர் அறிக்கை: காணாமற் போனவர்களைச் சட்டப்படி இறந்தவர்களாகக் கொள்க, ராணுவம் செய்ததெல்லாம் கடமை. செப்டம்பரில் ஒரு சட்டம்: ராணுவத்தார் தங்களுக்குத் தாங்களே மன்னிப்பு வழங்கிக்கொண்டார்கள். அதற்கு வைத்த பெயர் "தேசிய சமாதானச் சட்டம்"! அக்டோபரில் ஓர் ரகசிய உத்தரவு: பிடித்து வைக்கப்பட்டவர்களைப் பற்றிய தஸ்தாவேஜுகளை அழித்துவிடுங்கள். அதே அக்டோபர் 30-ந் தேதி வோட்டுப் பதிவு. ஒரு கை வோட்டுப் பெட்டியை நீட்டியது. மறு கை காகிதத்தை ஒழித்தது.

மன்னிப்புச் சட்டத்தை ரத்து செய்வேன் என்று சொன்ன அல்போன்சின் பாதிக்கு மேல் வோட்டு வாங்கி ஜெயித்தார். டிசம்பர் 10-ல் பதவியேற்றார்; அந்த மாதமே பாராளுமன்றம் சட்டத்தைத் தூக்கியெறிந்தது. அடுத்த ஜனவரியில் அந்த இரண்டு வாலிபர்கள் வழக்கிலே பினியோனே கைதானார். சில மாதங்களில் வெளியே வந்துவிட்டார். அதன்பின் 1986, 1987-ல் வழக்குகளை முடக்கும் சட்டங்கள், பிறகு மெனெம் தந்த மன்னிப்புகள். இருபது ஆண்டு இப்படிப் போயிற்று. தாய்மார்கள் வியாழனை விடவில்லை. 2003-ல் பாராளுமன்றம் அந்தச் சட்டங்களைச் செல்லாதென்றது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது.

காகிதம் இல்லாமல் வழக்கு எப்படி நடந்தது? உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள்; தாய்மார்கள் ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த குறிப்புகள் உதவின. 2010-ல், காம்போ டி மாயோ முகாமில் நடந்த கொடுமைகளுக்காகப் பினியோனேக்கு 25 ஆண்டுச் சிறை. 2011-ல் அந்த ஆஸ்பத்திரி விவகாரத்துக்குத் தனித் தண்டனை. 2012-ல், சிறையில் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து திருடிய வழக்கிலும் தண்டனை. 2018 மார்ச்சில், தொண்ணூறு வயதில், தண்டனைக் கைதியாகவே செத்தார்.

திருடப்பட்ட அந்தக் குழந்தைகள் சுமார் ஐந்நூறு பேர் என்பது பாட்டிமார் சங்கத்தின் கணக்கு. ரத்தப் பரிசோதனை மூலம் இதுவரை 130-க்கு மேற்பட்டவர்களை அவர்கள் கண்டுபிடித்திருக்கிறார்கள். மற்றவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.