அவரவர் நடை



‘நடை’ என்னும் சொல்லைத் தமிழ் இருபொருள்பட வழங்குகிறது. காலால் நடப்பதும் நடை. ஒருவர் எழுதும் முறைமையும் நடை. இலக்கிய அரங்குகளில் பெரிதும் பேசப்படுவது இரண்டாவதே. பத்தாண்டு நிறைவு காணும் இவ்வரங்கில் முதலாவதைப் பற்றிச் சிறிது சிந்திப்பது பொருந்தும். ஒரு நாட்டின் மேற்குக் கடற்கரையில் புறப்பட்டுக் கிழக்குக் கடற்கரை வரை, மலைகளின் ஊடே, எவரோடும் போட்டியிடாமல், தத்தம் வேகத்தில் நடந்து கடக்கும் வழக்கம் ஒன்று ஸ்காட்லாந்தில் 1980ஆம் ஆண்டு தோன்றியது. அவ்வழக்கம் எழுதுவோர்க்கும் சில செய்திகளைச் சொல்லாமற் சொல்கிறது.

‘டி.ஜி.ஓ. சேலஞ்ச்’ என்பது அதன் பெயர். ‘தி கிரேட் அவுட்டோர்ஸ்’ என்னும் மலைநடை இதழின் பெயரால் அமைந்தது. தொடங்கி வைத்தவர் மலையேறுநரும் எழுத்தாளருமான ஹேமிஷ் பிரவுன். மே மாதத்தில் சில நூறு பேர் மேற்குக் கரையில் குறிக்கப்பட்ட ஊர்களுள் தமக்குப் பிடித்த ஒன்றிலிருந்து புறப்படுவர். தெற்கே ஆர்புரோத்துக்கும் வடக்கே ஃபிரேசர்பரோவுக்கும் இடைப்பட்ட கிழக்குக் கரையில் ஏதேனும் ஓரிடத்தில் வடகடலைத் தொட்டு முடிப்பர். இடையிலுள்ள தொலைவு ஏறத்தாழ 300 கிலோமீட்டர். அதற்கு உச்ச வரம்பு 15 நாள். கூடாரம், படுக்கை, உணவு ஆகியவற்றைத் தாமே சுமக்க வேண்டும். ஏரியைக் கடக்கும் சில படகுகள் தவிர ஊர்தி எதிலும் ஏறலாகாது. தனியாகவும் போகலாம், நால்வர் வரை குழுவாகவும் போகலாம்.

இவற்றினும் சிறப்பானவை இரண்டு. முதலாவது, எல்லார்க்கும் பொதுவான பாதை என ஒன்று இல்லை. ஒவ்வொருவரும் தம் வழியைத் தாமே வகுத்துக்கொள்கின்றனர். ஒருவர் உயர்ந்த சிகரங்களைத் தொடுத்துச் செல்வார். மற்றொருவர் பள்ளத்தாக்குகள் வழியே செல்வார். இரண்டாவது, முதலில் வந்தவர் என்று எவரும் இல்லை. பத்தாம் நாள் வந்தவர்க்கும் பதினைந்தாம் நாள் மாலை வந்தவர்க்கும் மதிப்பு ஒன்றே.

இந்த ஏற்பாட்டின் அருமை விளங்க, அது தோன்றிய சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1891ஆம் ஆண்டு ஹியூ மன்றோ என்பவர் ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட மலைகளைப் பட்டியலிட்டு வெளியிட்டார். (சென்னை மாகாணத்தை ஆண்ட தாமஸ் மன்றோ வேறு, அவரும் ஸ்காட்லாந்துக்காரர்தாம்.) அன்று தொட்டு அம்மலைகளுக்கு ‘மன்றோக்கள்’ என்றே பெயர். இன்றைய பட்டியலில் அவை 282. அனைத்தையும் ஏறி முடிப்பது பலர்க்கு வாழ்நாள் வேட்கை. பட்டியலிட்ட மன்றோ தாமே அதை நிறைவேற்றாமல் 1919இல் மறைந்தார். இதற்குத் தெற்கே, இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில், கெசிக் நகரில் விருந்தினர் விடுதி நடத்திய பாப் கிரகாம் 1932ஆம் ஆண்டு 24 மணி நேரத்துக்குள் 42 சிகரங்களைக் கடந்து வந்தார். இன்றும் அச்சுற்றை முயல்வோர் கடிகாரத்தோடுதான் போராடுகின்றனர். ஒவ்வொரு சிகரத்திலும் சாட்சி வேண்டும். நேரம் குறிக்கப்பட வேண்டும். அவ்வருஞ்செயலைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆயினும் அங்கே நடைக்கு அளவுகோல் வெளியே இருக்கிறது.

ஹேமிஷ் பிரவுனும் அவ்வகை அருஞ்செயல் புரிந்தவரே. 1974ஆம் ஆண்டு, அன்றைய பட்டியலில் இருந்த 279 மலைகளையும் ஒரே தொடர்பயணத்தில், 112 நாளில் ஏறி முடித்த முதல் மனிதர் அவர். அத்தகையவர் ஆறாண்டு கழித்து ஏற்படுத்திய நிகழ்ச்சியிலோ எண்ணிக்கைக்கும் இடமில்லை, வரிசைக்கும் இடமில்லை.

‘தத்தம் வேகத்தில்’ என்றவுடன், அது மெல்ல உலாவும் இன்பம் என்று தோன்றக்கூடும். உண்மை வேறு. பிறர் வேகத்தைக் குறித்துத் தராதபோது, தம் வேகம் யாது என்று அறியும் பொறுப்பு நடப்பவரையே சேர்கிறது. அவ்வறிவு எளிதில் வருவதன்று. 1892இல் வில்லியம் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்து மலையேறுநர் ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம். அதன்மேல், ஏறும் ஒவ்வோர் 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். ஒரு நாளில் 15 மைல் நடந்து 4,000 அடி ஏறுவதாயின் ஐந்தும் இரண்டும் ஏழு மணி நேரம் ஆகும். ஆனால் அக்கணக்கில் இளைப்பாறும் பொழுது இல்லை, முதுகுச்சுமை இல்லை, எதிர்க்காற்று இல்லை, முழங்கால் வரை இழுக்கும் கருஞ்சேறு இல்லை, ஒன்பதாம் நாளின் களைப்பும் இல்லை. அவற்றைச் சேர்த்துக் கூட்டும் கணக்கைப் பட்டறிவு ஒன்றே கற்பிக்கும். பழகிய மலைநடையினர்க்கே இந்நிகழ்ச்சி உரியது என்று வரையறுத்ததன் காரணம் இதுதான்.

ஆகவே நடை மே மாதத்தில் தொடங்குவதில்லை. அதற்கு முந்தைய குளிர்காலத்தில், மேசைமேல் விரித்த நிலப்படத்தில் தொடங்குகிறது. நாள்தோறும் எங்கிருந்து எங்கே, எவ்வளவு தொலைவு, எவ்வளவு ஏற்றம், இரவு எங்கே என்று எழுதி அனுப்ப வேண்டும். உயர்முகடு வழியே போவதாயின், காலநிலை கெட்டால் செல்வதற்குரிய தாழ்வழி ஒன்றையும் உடன் குறிக்க வேண்டும். அவ்வேட்டை அம்மலைகளில் பலகாலம் நடந்து தேர்ந்த ஒருவர் படித்துப் பார்க்கிறார். இந்தப் பாலம் இப்பொழுது இல்லை. இந்த ஓடை மழைக்குப் பின் கடக்கலாகாது. இந்த நாளுக்கு இவ்வளவு தொலைவு மிகை என்று குறிப்பெழுதி அனுப்புகிறார். அவர் இப்படித்தான் போக வேண்டும் என்று கட்டளையிடுவதில்லை. அறிந்ததை அறியாதார்க்குச் சொல்கிறார்.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இச்செயல் புதிதன்று. சென்று வந்தவர் செல்ல இருப்பவரை வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. அவற்றுள்ளும் மலைபடுகடாம் மலைவழியையே விரித்துரைப்பது. பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகளில், கூத்தர் கூட்டம் ஒன்று வழியில் எதிர்ப்படக்கூடிய இடர்களைக் கேட்டறிகிறது. பன்றிக்கு வைத்த பொறி எங்கே, பாம்பு உறையும் இடம் எது, வழுக்கும் பாறையை எவ்வாறு கடப்பது, தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல்லுக்கு எவ்வாறு தப்புவது, இரவில் எங்கே தங்குவது, எவ்வூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் அதில் உண்டு. பரிசில் பெறும் ஆவலைத் தூண்டுவதோடு அப்பாட்டு நின்றுவிடவில்லை. கூத்தர் உயிரோடு போய்ச் சேர வேண்டும் என்னும் கவலையும் அதற்கு இருக்கிறது. ஸ்காட்லாந்தில் வழியேட்டைத் திருத்தித் தரும் முதியவருக்கும் இருப்பது அதே கவலை. நிலமும் காலமும் வேறாயினும், வழி சொல்லும் அறம் ஒன்றாகவே இருக்கிறது.

நிலத்தின் பெயர்களும் அங்கே வழி சொல்கின்றன. ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழி கேலிக். நிலப்படத்தில் காணும் பெயர்களுட் பெரும்பாலானவை அம்மொழியினவே. ‘அல்ட்’ என்றால் ஓடை. ‘கோரி’ என்றால் மலைமடியிலுள்ள கிண்ணம் போன்ற பள்ளம். ‘பெயலக்’ என்றால் கணவாய். ‘டூ’ என்றால் கருமை. ‘மோனியா’ என்றால் நீரூறிய கருஞ்சேற்று நிலம். கேர்ன்கோர்ம் மலைத்தொடரில் ‘மோனியா வோர்’ என்றொரு பரப்பு உண்டு. ‘பெருஞ்சேற்று நிலம்’ என்பது அதன் பொருள். பொருள் அறிந்தவர் அந்நாளுக்கு ஒரு மணி நேரம் கூட்டி வைத்துக்கொள்வார். அறியாதவர்க்கு அது வெறும் ஒலி. அவர்க்குக் காலணிதான் பொருள் விளக்கும்.

அந்நிலத்தின் வெறுமைக்கும் ஒரு வரலாறு உண்டு. பள்ளத்தாக்குகளில் கூரையற்ற கற்சுவர்கள் பலவற்றை நடப்போர் கடந்து செல்கின்றனர். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் நிலவுடைமையாளர் ஆட்டுப்பண்ணைகளுக்காகக் குடியானவர்களை வெளியேற்றினர். அவ்வீடுகளில் பல அவர்கள் விட்டுச் சென்றவை. ஆளில்லாப் பெருவெளியின் அமைதியைப் புகழ்வோர் இதனையும் நினைவிற்கொள்ள வேண்டும். அந்நிலத்தில் பொறுப்போடு நடக்கவும் இரவு தங்கவும் அனைவர்க்கும் உள்ள உரிமையை 2003ஆம் ஆண்டின் நிலச்சீர்திருத்தச் சட்டம் எழுத்தில் உறுதி செய்தது.

இனி, இந்நடையின் நடுவே நிற்கும் வினாவுக்கு வரலாம். திரும்புவது எப்பொழுது?

மே மாதத்தில் அங்கே பகல் ஏறத்தாழ 17 மணி நேரம் நீள்கிறது. எனினும் 1,200 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் அப்பொழுதும் பனி கிடக்கலாம், புயலும் வரலாம். ஓடைகள் மழை பெய்த சில மணி நேரத்தில் பெருகி, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடும். மாலையில் கடக்க முடியாத நீரை மறுநாள் காலை கணுக்கால் நனையக் கடந்துவிடலாம். கரையில் கூடாரமிட்டுக் காத்திருப்பதற்கு அறிவு மட்டும் போதாது. அன்றைய திட்டத்தை விட்டுக்கொடுக்கும் மனமும் வேண்டும். தாமே வகுத்த திட்டத்தைத் தாமே கைவிடுவது மனிதர்க்கு அரிது.

அதன் விலை எவ்வளவு பெரிதாகலாம் என்பதை மலைநாடு அறியும். 1971 நவம்பரில், மேற்சொன்ன கேர்ன்கோர்ம் மேட்டுநிலத்தில் பனிப்புயலில் சிக்கிப் பள்ளி மாணவர் ஐவரும் அவர்களோடு சென்ற இளம் துணைப் பயிற்சியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். அவர்கள் அடைய முயன்றது மேட்டுநிலத்தில் கட்டப்பட்டிருந்த ஒரு சிறு புகலறை. அதை அடைய முடியவில்லை. அதன்பின் நெடிய வாதம் எழுந்தது. புகலறை உயிர்காப்பதா, அல்லது அதை நம்பிச் செல்லக்கூடாத நாளில் செல்லத் தூண்டுவதா என்பதே வாதம். முடிவில், 1975ஆம் ஆண்டு அவ்வுயர்நிலப் புகலறைகள் அகற்றப்பட்டன. காப்பதற்கென்று வைத்ததே கண்ணை மறைக்கக்கூடும் என்பது அம்முடிவின் அடிப்படை. இளையோரை மலைக்கு அழைத்துச் செல்வோர்க்குரிய பயிற்சியும் தகுதியும் அதன்பின் கடுமையாக்கப்பட்டன.

தாழ்வழியை முன்கூட்டியே எழுதி வைக்கும் விதியின் பொருள் இப்பொழுது விளங்கும். திரும்புவதற்குரிய முடிவைப் புயலின் நடுவே, குளிரில் நடுங்கும் மனம் தனியாக எடுக்க வேண்டியதில்லை. அமைதியான ஒரு மாலையில் அம்மனமே அதற்கு ஒப்புதல் தந்திருக்கிறது. தாழ்வழி சென்றவர்க்கு மதிப்பு குறைவதில்லை. நடுவே நிறுத்திவிட்டு வீடு திரும்பியவரும் இகழப்படுவதில்லை. மறு ஆண்டு மீண்டும் வருவோர் உண்டு.

இதற்கு மறுப்புரைப்போரும் உண்டு. ஏட்டில் எழுதி, பிறர் பார்த்து, வழியில் சில இடங்களிலிருந்து தொலைபேசியில் தகவல் சொல்லிச் செல்லும் நடை எவ்வாறு சுதந்திர நடையாகும் என்பர். செயற்கைக்கோள் கருவி கையிலிருக்கும் இந்நாளில் துணிவுக்கு இடம் ஏது என்றும் கேட்பர். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் கருவி நிற்கும் இடத்தைச் சொல்லும். நிற்பதா போவதா என்று சொல்லாது. யாப்புக்கு அடங்கிய கவிதை சுதந்திரம் இழந்ததா என்னும் பழைய வழக்கைப் பல முறை கேட்டவர்கள் இவ்வரங்கில் இருக்கின்றனர். வழியேடும் ஒருவகை யாப்பே. அதை மீற வேண்டிய இடம் எது என்று அறிவதற்கும் முதலில் அதை எழுதியிருக்க வேண்டும்.

அபர்டீனில் ஆசிரியப் பணி புரிந்த நேன் ஷெப்பர்ட் (1893–1981) என்னும் எழுத்தாளர், கேர்ன்கோர்ம் மலைகளில் வாழ்நாள் முழுதும் நடந்தவர். ‘தி லிவிங் மவுண்டன்’ என்னும் சிறு நூலை இரண்டாம் உலகப்போரின் இறுதிக்காலத்தில் எழுதினார். அது அச்சேறியது 1977இல். ஏறத்தாழ முப்பதாண்டு பெட்டியில் கிடந்தது. சிகரத்தை வெல்லும் வேட்கையைக் கடந்து, மலையின் உள்ளே செல்வதைப் பேசும் நூல் அது. 2016ஆம் ஆண்டு ராயல் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்து வெளியிட்ட ஐந்து பவுண்டு தாளில் அவர் முகம் இடம்பெற்றது. அந்நூலை முப்பதாண்டு காத்திருக்க விட்டவரும் தம் வேகத்திலேயே நடந்தவர்தாம்.

எழுதுவோர்க்கு இந்நடை விடுக்கும் கேள்வி எளியது. பரிசும் வரிசையும் பதிப்பக அவசரமும் விலகிய பிறகு, ஒருவர்க்குத் தம் நடை யாது என்று தெரியுமா? அதைச் சுமந்து செல்லத்தக்க தொலைவு எவ்வளவு என்று தெரியுமா? எழுதிய அடியைக் கைவிட்டுத் தாழ்வழியே இறங்கும் மனம் உண்டா? பின்வரும் இளையவரின் ஏட்டைப் படித்து, இந்தப் பாலம் இப்பொழுது இல்லை என்று அன்போடு எழுதித் தருவதுண்டா? கடைசிக் கேள்விக்கு விடையளிக்கத்தான் இலக்கிய வட்டங்கள் இருக்கின்றன. இவ்வட்டம் பத்தாண்டாக அப்பணியைச் செய்து வந்துள்ளது, இனியும் செய்க.